12ஆம் தேதி வயிற்று மருத்துவரைப் பார்க்கப் போகிறேன்: ஆட்டிசம் உள்ள நான் எப்படி ஆயத்தமாவது?

நொய்யல்கரை | செவ்வாய், இரவு 9.40

வணக்கம். எனக்கு வயது 34. கோவைக்கு அருகே ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எனக்கு ஆட்டிசம் இருப்பது 31ஆம் வயதில்தான் தெரியவந்தது. நான்கு மாதங்களாக மேல்வயிற்றில் தொந்தரவு இருக்கிறது. வருகிற 12ஆம் தேதி இரைப்பை, குடல் மருத்துவர் ஒருவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன்.

இரண்டு மாதங்களுக்கு முன் வேறொரு மருத்துவரிடம் சென்றது வீணாகிப் போனது. காத்திருக்கும் கூடத்தில் தொலைக்காட்சி அலறிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே ஒரு டியூப் லைட் விட்டுவிட்டு எரிந்தது. பினாயில் நெடி வேறு. உதவியாளர் என் பெயரை இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார். அந்த இரைச்சலில் அது என் பெயர் என்றே எனக்கு உறைக்கவில்லை. எனக்குப் பின்னால் வந்த நான்கு பேர் உள்ளே போய்விட்டார்கள். கடைசியில் உள்ளே சென்றபோது மருத்துவர், "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். நான், "நல்லா இருக்கேன் சார்" என்றேன். அந்தக் கேள்விக்கு அதுதான் பதில் என்று பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு "இல்லை, வலிக்கிறது" என்று திருத்துவதற்கு எனக்கு வாய் வரவில்லை. மூன்று நிமிடங்களில் அசிடிட்டி மாத்திரைச் சீட்டோடு வெளியே வந்துவிட்டேன்.

இந்த முறையும் அப்படி ஆகாமலிருக்க என்ன செய்யலாம் என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மூன்றாம்_டோக்கன் | செவ்வாய், இரவு 10.25

உங்கள் பதிவில் என்னையே பார்த்தேன். எனக்கு 41 வயது, திருச்சி. "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதவள் நான்.

பேச வேண்டியதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுப் போவதுதான் எனக்குப் பலன் தந்தது. அதாவது, தாளில் எழுதிக்கொண்டு போவது. மருத்துவரின் அறைக்குள் நமக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில், அவர் முகத்தைப் பார்ப்பதா, கேள்வியைப் புரிந்துகொள்வதா, உடம்பில் என்ன நடக்கிறது என்று தேடுவதா, அதற்குச் சொல் கண்டுபிடிப்பதா என்று நான்கு வேலைகள் ஒன்றாக விழுகின்றன. பின்னிரண்டையும் ஒரு வாரம் முன்பே முடித்துவிட்டால் அறைக்குள் முதலிரண்டு மட்டுமே மிஞ்சும். நாற்காலியில் உட்கார்ந்ததும், அவர் எதையும் கேட்பதற்கு முன், "டாக்டர், எனக்கு உடனே பேச வராது, இதை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்" என்று தாளை நீட்டிவிடுவேன். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வீட்டில் பத்து முறை சத்தமாகச் சொல்லிப் பழகியிருக்கிறேன். நலம் விசாரிக்கும் கேள்வி வந்தாலும், அதற்குப் பதில் சொல்லாமல் இதைத்தான் சொல்வேன்.

பெயர் கூப்பிடுவது காதில் விழாத சிக்கலுக்கு: டோக்கன் கொடுக்கும் பெண்ணிடம், "எனக்குக் கூப்பிட்டால் கேட்காது, கையைக் காட்டுங்கள், நான் இந்தத் தூணோரம்தான் இருப்பேன்" என்று சொல்லி வைப்பேன். காது கேளாதவர் என்று நினைத்துக்கொள்வார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். முடிந்தவரை காலையின் முதல் சில டோக்கன்களுக்குள் வாங்கிவிடுவேன் (என் புனைபெயரின் கதை இதுதான்). திங்கட்கிழமையும் பண்டிகைக்கு மறுநாளும் அந்தப் பக்கமே போக மாட்டேன்.

கீழவாசல் | புதன், காலை 7.15

குறை சொல்வதாக எண்ண வேண்டாம். தாளெல்லாம் தனியார் மருத்துவமனையில் ஐந்நூறு, அறுநூறு ரூபாய் கட்டிப் பார்ப்பவர்களுக்குச் சரி. எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கி, ஆடு மாடு போல நெருக்கிக்கொண்டு நிற்கும்போது, ஒருவர் இரண்டு பக்கக் கட்டுரையை நீட்டினால் மருத்துவர் அதைப் படிப்பாரா? என் மகன் நீட்டினான். "வாயில சொல்லுப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவனுக்கு 22 வயது. அன்றிலிருந்து மருத்துவமனை என்றாலே கதவைச் சாத்திக்கொள்கிறான்.

ஓய்வுபெற்ற_செவிலி | புதன், காலை 11.05

கீழவாசல் ஐயா சொல்வதில் உண்மை இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டு பக்கத்தை யாரும் படிக்க மாட்டார்கள். ஆனால் பெரிய எழுத்தில் ஐந்தாறு வரி இருந்தால் கண் தானாகப் படித்துவிடும். என்ன தொந்தரவு, எங்கே, எத்தனை நாளாக, எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது, என்னென்ன மாத்திரை உள்ளே போகிறது. ஓ.பி.யில் நாங்கள் வாயால் கேட்டுச் சீட்டில் எழுதுவதும் இவற்றைத்தான். அந்த வரிசையிலேயே தாள் இருந்தால், அது கூடுதல் வேலையாக இல்லாமல் வேலையைக் குறைப்பதாக ஆகிவிடும். உங்கள் மகனைத் திருப்பி அனுப்பியவர் செய்தது தவறு. ஆனாலும் அடுத்த முறை தாள் சிறியதாக இருக்கட்டும்.

நொய்யல்கரை தம்பிக்கு ஒரு கேள்வி. "வேற ஏதாவது மருந்து எடுக்கிறீங்களா?" என்று அந்த மருத்துவர் கேட்டாரா? நீங்கள் என்ன சொன்னீர்கள்?

இன்னொன்று: மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, வாந்தியில் ரத்தமோ காப்பித்தூள் போன்ற கசடோ வந்தாலோ 12ஆம் தேதி வரை காத்திருக்காமல் உடனே போக வேண்டும்.

நொய்யல்கரை | புதன், மாலை 6.30

நன்றி அம்மா. அப்படி எதுவும் இல்லை.

மருத்துவர் கேட்டார். "இல்லை" என்று சொன்னேன். எந்த மருத்துவரிடமும் அப்போது சிகிச்சை பெறவில்லை என்பதால் அது சரியான பதில் என்றே நினைத்தேன். உங்கள் கேள்வியைப் படித்தபிறகு யோசித்தேன். அலுவலக விளக்கு வெளிச்சத்தால் எனக்கு வாரத்தில் நான்கைந்து நாள் தலைவலி வரும். மருந்துக்கடையில் ஐபுபுரூஃபன் வாங்கிப் போட்டுக்கொள்வேன், பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்கு முன். அதைக் கடையில் கேட்டு வாங்குகிறேன், சீட்டு எதுவும் கிடையாது. அதனால் அது "மருந்து எடுப்பது" என்ற கணக்கில் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஓய்வுபெற்ற_செவிலி | புதன், மாலை 6.52

அதுதான் தம்பி. அந்த வகை வலி மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கக்கூடியவை; வெறும் வயிற்றில் இன்னும் மோசம். உங்கள் வயிற்றுக்கு அதுதான் காரணம் என்று நான் முடிவு கட்டவில்லை, அது மருத்துவரின் வேலை. தாளின் முதல் வரியிலேயே இதை எழுதுங்கள். கேள்வியைச் சரியாகத்தான் புரிந்துகொண்டீர்கள், கேட்டவர்தான் அரைகுறையாகக் கேட்டுவிட்டார். கடையில் வாங்கியது, கஷாயம், சூரணம், பக்கத்து வீட்டில் கொடுத்தது என்று வாயில் போடும் எல்லாவற்றையும் எழுதுங்கள். மாத்திரை அட்டையைக் கிழித்து எறியாமல் கையோடு கொண்டுபோவது இன்னும் நல்லது.

வெண்ணாற்றங்கரை | புதன், இரவு 9.10

மேரி டோஹர்ட்டி என்ற அயர்லாந்து மயக்க மருந்தியல் மருத்துவர் ஆட்டிசம் உள்ளவர். அவரும் சிலரும் 2022இல் பி.எம்.ஜே. ஓப்பன் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 507 ஆட்டிசம் உள்ள பெரியவர்களில் 80 விழுக்காட்டினர் பொதுமருத்துவரைப் பார்ப்பது தங்களுக்குக் கடினமாக இருப்பதாகச் சொன்னார்கள்; ஆட்டிசம் இல்லாதவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 37 விழுக்காட்டினர். எனக்கு வியப்பாக இருந்தது தடைகளின் வரிசை. முதலிடத்தில் இருந்தது காத்திருப்புக் கூடமும் அல்ல, தொலைபேசியில் நேரம் வாங்குவதும் அல்ல. "இந்த அறிகுறிக்கு மருத்துவரிடம் போகத்தான் வேண்டுமா என்று முடிவு செய்ய முடியவில்லை" என்பதைத்தான் 72 விழுக்காட்டினர் சொன்னார்கள்.

என் நிலையும் அதுவே. பசியையே பல நாள் தலைசுற்றல் வந்தபிறகுதான் அறிகிறேன். அப்படிப்பட்டவனிடம் "வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டால் என்ன சொல்வது? பத்து என்பது நான் இதுவரை பட்டதில் பெரியதா, மனிதர் எவரும் படக்கூடியதில் பெரியதா? இதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் "அஞ்சு போட்டுக்கலாமா?" என்று கேட்டு எழுதிவிடுகிறார்.

நொய்யல்கரை | புதன், இரவு 9.34

எனக்கும் அதேதான். "எப்படி வலிக்குது?" என்று கேட்டால் "வலிக்குது" என்பதைத் தவிர வேறு சொல் கிடைப்பதில்லை.

மூன்றாம்_டோக்கன் | வியாழன், காலை 6.20

எண்ணை விட்டுவிடுங்கள். வலியால் எதைச் செய்ய முடியாமல் போனது என்று எழுதுங்கள். "இரவு இரண்டு மணிக்கு எழுப்பிவிட்டது", "மூன்று இட்லியில் ஒன்றுக்கு மேல் இறங்கவில்லை", "மாடி ஏறும்போது பாதியில் உட்கார்ந்தேன்." நாம் வலியில் முகம் சுளிப்பதில்லை, சிலர் சிரிக்கக்கூடச் செய்கிறோம். அதனால் முகத்தைப் பார்த்து அளவிடும் மருத்துவர் நம்மைக் குறைவாகவே கணக்கிடுவார். தாள் அந்தக் கணக்கை நேர் செய்யும்.

சொற்களைப் பொறுத்தவரை, நம் பாட்டிமார்கள் வைத்துவிட்டுப் போன சரக்கு போதுமானது. நான் ஒரு நோட்டில் அவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறேன், உடம்பில் ஏதாவது நடக்கும்போது அந்த நோட்டைத் திறந்து எது பொருந்துகிறது என்று பார்ப்பேன். சொல்லை யோசித்துத் தேடுவதைவிடப் பட்டியலில் பார்த்துப் பொறுக்குவது எனக்கு எளிது. வயிறு பிசைவது வேறு, இழுத்துப் பிடிப்பது வேறு. பிசைவது மாவு பிசைவது போல விட்டுவிட்டு வரும். இழுத்துப் பிடித்தால் நிமிர முடியாது. சாப்பிட்டதும் கல் போலக் கனப்பது மந்தம். காற்றடைத்தது போலிருந்தால் உப்புசம். நெஞ்செலும்புக்குப் பின்னால் காந்தல் ஏறி வாயில் புளித்த நீர் வந்தால் அது நெஞ்சு கரிப்பது. "நெஞ்சு வலி" என்று எழுதிவிடாதீர்கள், ஈ.சி.ஜி. எடுக்க அனுப்பிவிடுவார்கள் (எனக்கு நடந்தது). குமட்டலுக்கும் ஓங்கரிப்புக்கும்கூட வேறுபாடு உண்டு: குமட்டும்போது வாயில் உமிழ்நீர்தான் ஊறும், ஓங்கரிக்கும்போது உடம்பே முன்னால் வளையும். பல்லுக்கும் காதுக்கும் விண்விண்ணென்று தெறிப்பது, ஊசி குத்துவது போலச் சுருக்கென்று வந்து போவது, மூட்டுக்குள் குடைவது, நீர் பிரியும்போது கடுப்பது, கால் மதமதவென்று மரத்துப்போவது என்று ஒவ்வொன்றுக்கும் இடமும் தன்மையும் சேர்ந்தே இருக்கின்றன. ஆங்கிலத்தில் படித்த மருத்துவரும் வீட்டில் இந்தச் சொற்களைக் கேட்டு வளர்ந்தவர்தான். "பிசையுது" என்று எழுதிய அன்று என் மருத்துவர் முதன்முறையாகப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நொய்யல்கரை | வியாழன், இரவு 8.45

இன்று மூன்று முறை பார்த்தேன். பிசையவில்லை. எரிகிறது. விலா எலும்புகள் பிரியும் இடத்துக்குக் கீழே, நான்கு விரல் அகலத்தில். சாப்பிட்டால் அரை மணி நேரம் அடங்குகிறது. நான்கு மாதங்களில் முதன்முறையாக இதை வாக்கியமாகச் சொல்கிறேன்.

தம்பியின்_அக்கா | வெள்ளி, காலை 10.30

உடன் செல்பவர் பற்றி யாரும் எழுதவில்லை. என் தம்பிக்கு 29 வயது. வங்கியில் வேலை பார்க்கிறான். நான் உடன் சென்ற முதல் இரண்டு முறையும் மருத்துவர் அவனைப் பார்க்காமல் என்னிடமே, "தம்பி நல்லா சாப்பிடுறாரா?" என்று கேட்டார், நானும் நல்ல அக்கா போலப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவன் என்னிடம் பேசவில்லை. பிறகு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். நான் அவனுக்குப் பின்னால், சற்றுத் தள்ளிய நாற்காலியில் உட்கார வேண்டும். மருத்துவர் என்னிடம் கேட்டால் நான் தம்பியைப் பார்க்க வேண்டும். அவன் பேனாவை மேசைமேல் வைத்தால் மட்டும் நான் பேசலாம். மருத்துவர் சொல்வதை எழுதிக்கொள்வது என் வேலை. வெளியே வந்ததும் அவனுக்கு எதுவும் நினைவிருக்காது.

உடன் வருபவர் இல்லாதவர்கள், "டாக்டர், நீங்கள் சொல்வதை போனில் பதிவு செய்துகொள்ளலாமா?" என்று கேட்கலாம். சிலர் ஒப்புக்கொள்வதில்லை. அப்போது சீட்டின் பின்புறம் எழுதித்தரக் கேளுங்கள்.

வெண்ணாற்றங்கரை | வெள்ளி, மதியம் 1.15

தாளில் ஆட்டிசம் என்று எழுதுவதா வேண்டாமா? எழுதினால், "பார்த்தா அப்படித் தெரியலையே", "அது குழந்தைங்களுக்கு வர்றதாச்சே" என்ற இரண்டில் ஒன்று நிச்சயம். என் நண்பர் தமிழில் "மன இறுக்கம்" என்று எழுதிக்கொண்டு போனார். மருத்துவர் அதை மன அழுத்தம் என்று எடுத்துக்கொண்டு, வயிற்றை விட்டுவிட்டு வேலை, திருமணம், தூக்கம் என்று விசாரித்து, மனதை லேசாக வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்.

மூன்றாம்_டோக்கன் | வெள்ளி, இரவு 7.50

அந்தச் சொல்லே வேண்டாம். மதியிறுக்கம், புற உலகச் சிந்தனையற்ற நிலை என்று அரசுத் தாள்களிலும் பத்திரிகைகளிலும் புழங்கும் எதுவும் என்னைச் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. எனக்குப் புற உலகம்தான் அளவுக்கு மீறி உள்ளே வருகிறது. "ஆட்டிசம்" என்று தமிழெழுத்தில் எழுதி, உடனே அதனால் இந்த அறைக்குள் என்ன ஆகும் என்று ஒரு வரி சேர்த்துவிடுவேன்: "எனக்கு ஆட்டிசம் உண்டு. பதில் சொல்லக் கூடுதல் நேரம் ஆகும். தொடுவதற்கு முன் சொல்லிவிட்டுத் தொடுங்கள்." பெயரை மட்டும் எழுதினால் அதைப் பற்றி விவாதிக்கத் தொடங்கிவிடுவார்கள். வேண்டியதைச் சேர்த்து எழுதினால் பெரும்பாலும் அதைச் செய்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

தம்பியின்_அக்கா | வெள்ளி, இரவு 8.20

இது சலுகை கேட்பது ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஆட்டிசம் இருக்கிறது. அதன் 25ஆம் பிரிவு அரசு, தனியார் என்ற வேறுபாடில்லாமல் மருத்துவமனைகளில் தடையற்ற அணுகலைப் பற்றியும், பார்ப்பதிலும் சிகிச்சையிலும் முன்னுரிமை தருவதைப் பற்றியும் பேசுகிறது. தம்பி யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கியிருக்கிறான், கூட்டம் அதிகமுள்ள நாளில் அதைக் காட்டி வெளியே வராந்தாவில் காத்திருக்க அனுமதி வாங்கிவிடுகிறான்.

கீழவாசல் | வெள்ளி, இரவு 9.05

சட்டம் வரிசையில் நிற்பவர்களுக்குத் தெரியாதே அம்மா. அட்டையைக் காட்டி முன்னால் போனால், "கை கால் நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். ஆனால் முன்னால் போகாமல், வெளியே காத்திருந்து முறை வரும்போது கூப்பிடச் சொல்வது நல்ல யோசனையாகப் படுகிறது. மகனிடம் சொல்லிப் பார்க்கிறேன். ஆறு வரித் தாளையும்.

நொய்யல்கரை | ஞாயிறு, மாலை 4.40

என் தாள் இதோ. திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

"ஐபுபுரூஃபன் 400 மி.கி., வாரம் 4 அல்லது 5 நாள், ஓராண்டாக, வெறும் வயிற்றில் (தலைவலிக்கு, கடையில் வாங்கியது). மேல்வயிற்றில் எரிச்சல், 4 மாதம். பசிக்கும்போதும் அதிகாலை 2 மணி வாக்கிலும் கூடும். சாப்பிட்டால் அரை மணி நேரம் குறையும். சென்ற மாதம் 9 இரவு தூக்கம் கெட்டது. மலம் கறுக்கவில்லை, வாந்தி இல்லை. எனக்கு ஆட்டிசம் உண்டு: வலி இருந்தாலும் முகத்தில் தெரியாது, பதில் சொல்ல நேரம் ஆகும், சொல்வதை எழுதித் தரவும்."

ஓய்வுபெற்ற_செவிலி | ஞாயிறு, மாலை 5.15

பணியில் இருந்த காலத்தில் பயிற்சி மருத்துவர்கள் இப்படி எழுதியிருந்தால் எங்கள் பெரிய டாக்டர் சந்தோஷப்பட்டிருப்பார். எடை குறைந்ததா என்பதை மட்டும் சேருங்கள்.

நொய்யல்கரை | 12ஆம் தேதி, இரவு 10.10

போய்விட்டு வந்தேன். நாளை விடுப்பு எடுத்திருக்கிறேன், இன்றைக்கு இதற்கு மேல் யாரிடமும் பேசத் தெம்பில்லை. அதனால் எழுதுகிறேன்.

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். என் வாய் "நல்லா" வரை சொல்லிவிட்டது. கை மட்டும் தாளை நீட்டியது. அவர் முதல் வரியைப் படித்துவிட்டு, "ஒரு வருஷமாவா?" என்றார். ஐபுபுரூஃபனை அன்றே நிறுத்தச் சொன்னார். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரை எழுதி, சீட்டில் 1-0-0, சாப்பாட்டுக்கு முன் என்று போட்டார். "எத்தனை நிமிடம் முன்?" என்று கேட்டேன். சிரித்தார், பிறகு "அரை மணி" என்று எழுதிக்கொடுத்தார். மருந்துக்கடையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தார்கள், நிறம் வேறு, அளவு வேறு. உள்ளிருக்கும் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் ஒன்றே என்று அட்டையை இரண்டு முறை படித்தபிறகுதான் வாங்கினேன்.

அடுத்த வியாழக்கிழமை எண்டோஸ்கோப்பி, அதாவது வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது. அதில் என்ன நடக்கும் என்று வரிசையாக யாராவது சொல்ல முடியுமா? "ஒண்ணுமில்லை, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று மட்டும் சொல்கிறார்கள்.

ஓய்வுபெற்ற_செவிலி | மறுநாள், காலை 6.40

முந்தைய இரவிலிருந்து சாப்பாடு இல்லை. எத்தனை மணியிலிருந்து தண்ணீரும் கூடாது என்பதை அவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அங்கே தொண்டையில் ஒரு ஸ்பிரே அடிப்பார்கள், கசக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் தொண்டை மரத்து, எச்சில் விழுங்கவே முடியாதது போல ஓர் உணர்வு வரும். உண்மையில் விழுங்க முடியும், மூச்சும் மூக்கு வழியாகப் போய்க்கொண்டிருக்கும். உங்களைப் போன்றவர்களுக்கு இந்த இடம்தான் கடினமாக இருக்கும், அதனால் முன்பே சொல்கிறேன். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, பற்களுக்கிடையே ஒரு பிளாஸ்டிக் வளையம் வைப்பார்கள். குழாய் தொண்டையைத் தாண்டும்போது "முழுங்குங்க" என்பார்கள், ஓங்கரிப்பு வரும். உள்ளே காற்று விடுவதால் ஏப்பம் வரும், அதற்காக வெட்கப்பட வேண்டாம். பெரும்பாலும் ஐந்து முதல் பத்து நிமிடத்தில் முடியும். மரப்பு விடும் வரை எதுவும் குடிக்கக் கூடாது. இது தாங்காது என்று தோன்றினால் தூக்க ஊசி உண்டு. அப்படியானால் உடன் ஒருவர் வர வேண்டும், அன்று வண்டி ஓட்டக் கூடாது.

நொய்யல்கரை | மறுநாள், காலை 7.02

வாயில் வளையம் இருக்கும்போது பேச முடியாது. நிறுத்த வேண்டுமென்றால் எப்படிச் சொல்வது?

ஓய்வுபெற்ற_செவிலி | மறுநாள், காலை 7.09

கையை உயர்த்தினால் நிறுத்த வேண்டும் என்று படுப்பதற்கு முன்பே டாக்டரிடமும் அருகில் நிற்கும் நர்ஸிடமும் சொல்லி, அவர்களும் "சரி" என்று சொன்னபிறகு படுங்கள். வலது கை, தம்பி. இடது கை உங்கள் உடம்புக்கு அடியில் இருக்கும்.